பந்திங்கிலிருந்து கடலாய்வுக்கு: பாடம், படிப்பு, படகு

கடலாய்வுக்குப் போகிற வழி, படிவம் 4-இல் இயற்பியலை விடாமல் பிடித்துக்கொள்வதில் தொடங்குகிறது. சிலாங்கூரின் பந்திங், ஜென்ஜாரோம், தெலுக் பங்லிமா காராங் பக்கத்துப் பிள்ளைகளில் "மரின் பயாலஜி படிக்கணும்" என்று சொல்பவர்கள் ஆண்டுதோறும் சிலர் இருக்கிறார்கள். உயிரியலில் ஏ எடுத்தால் போதும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். கூடுதல் கணிதம் கஷ்டம் என்று பாதியிலேயே கைவிட்டிருப்பார்கள். யாரும் தடுத்திருக்கவும் மாட்டார்கள். பல்கலைக்கழகம் போனபின் நீரோட்டம், ஓதம் எனப்படும் கடல் ஏற்ற வற்றம், அலை, புள்ளியியல் என்று ஒவ்வொன்றாக வரும்போதுதான் விழி பிதுங்கும்.

கடலியலை நான்காகப் பிரிப்பார்கள். நீரின் அசைவு, வெப்பம், உப்பு ஆகியவை இயற்பியல் பிரிவைச் சேர்ந்தவை. கரைந்திருக்கும் பொருள்களைப் பார்ப்பது வேதியியல் பிரிவு. மிதவை உயிரி முதல் திமிங்கிலம் வரை உயிரியல் பிரிவு. அடித்தரை, வண்டல், கரை அரிப்பு எல்லாம் நிலவியல் பிரிவு. நால்வரும் ஒரே படகில் போவார்கள், ஒரே குப்பி நீரைப் பங்குபோட்டுக்கொள்வார்கள். பக்கத்துப் பிரிவின் கணக்கு புரியாதவர் தன் பங்கு நீரையும் சரியாகப் படிக்க முடியாது.

கணக்கைத் தள்ளிவிட்டு டால்பின் பின்னால் போய்விடலாம் என்று நினைத்தால் அதுவும் நடக்காது. மலேசியாவில் கடற்பாலூட்டி ஆய்வு என்றால் மாரேசெட் அமைப்பு முதலில் நினைவுக்கு வரும். அதை நிறுவியவர்களில் ஒருவரான டாக்டர் லூயிசா பொன்னம்பலம் நம் நாட்டுக்காரர். இந்தத் துறையில் எண்ணிக்கை எடுப்பது எப்படி என்று பாருங்கள். படகு முன்கூட்டி வரைந்த நேர்கோட்டில் போகும். கண்ணில் பட்ட ஒவ்வொரு கூட்டத்துக்கும் தொலைவும் கோணமும் எழுதுவார்கள். கோட்டிலிருந்து தள்ளிப் போகப் போகக் கண்ணுக்குத் தப்பியவை எத்தனை இருக்கும் என்பதை நிகழ்தகவை வைத்துக் கணிப்பார்கள். டால்பினைப் பார்ப்பது சில நிமிடம். மீதி எல்லாம் கணினி முன்னால்.

பவளமும் நீலக் கடலும் இருக்கிற ரெடாங், பெர்ஹெந்தியான் பக்கம் பிறக்கவில்லையே என்று இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் குறைப்பட வேண்டியதில்லை. கேரித் தீவுச் செம்பனைத் தோட்டத்தைச் சுற்றி மண்கரை கட்டியிருக்கிறார்கள். ஏற்றத்தின்போது வாட்டர் கேட்டை மூடுவார்கள், வற்றத்தின்போது திறந்து வாய்க்கால் தண்ணீரை வெளியேற்றுவார்கள். அந்த கேட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு ஓத அட்டவணை மனப்பாடம். கடல் மட்டம், வண்டல், பாக்காவ் என்கிற அலையாத்தி மரம், உப்பு நீர் ஊடுருவல் என்று ஆய்வாளர்கள் வெளிநாட்டிலிருந்து பார்க்க வருகிற விஷயங்கள் இங்கே தோட்டத்து எல்லையிலேயே இருக்கின்றன.

மோரிப் கடற்கரைக்கு இன்னொரு பாடமும் உண்டு. 1945 செப்டம்பர் 9-ஆம் தேதி, ஜப்பான் சரணடைந்த பிறகு, 'ஆபரேஷன் சிப்பர்' என்ற பெயரில் பிரிட்டிஷ் இந்தியப் படைகள் இங்கேதான் இறங்கின. கரையின் சரிவையும் தரையின் இளக்கத்தையும் தப்பாகக் கணித்திருந்தார்கள். வண்டிகள் பல சேற்றில் புதைந்து நின்றன. எதிர்த்துச் சுட ஆள் இல்லாததால் பிழைத்தார்கள். கரைத்தரையை அளக்கும் வேலைக்கு எதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு நாளைக் காட்டினால் போதும்.

படிவம் 5 தேர்வான எஸ்.பி.எம். முடிவதற்குள்ளேயே வீட்டிலிருந்து செய்யக்கூடிய உண்மையான ஆய்வு ஒன்று இருக்கிறது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் கடல்மட்ட மையம் உலகெங்கும் உள்ள ஓதமானிகளின் பதிவுகளை மணிக்கு ஒன்றாக இலவசமாகத் தருகிறது. பினாங்கு, லூமுட், கிள்ளான் எல்லாம் பட்டியலில் உண்டு. கிள்ளான் பழைய எழுத்துப்படி 'கெலாங்' என்று இருக்கும். ஓராண்டுக் கோப்பை இறக்கி எக்செல்லில் திறந்தால் 8,760 வரி வரும். மட்டம் மில்லிமீட்டரில் இருக்கும். பதிவு இல்லாத மணிக்கு -32767 என்று போட்டிருப்பார்கள். அதை நீக்காமல் சராசரி எடுத்தால் கடல் பாதாளத்துக்குப் போய்விடும். முதல் முறை செய்கிறவர்களில் பாதிப் பேர் விழுகிற குழி இது.

இரண்டாவது குழி நேரம். கோப்பில் இருப்பது கிரீன்விச் நேரம், நம் கடிகாரம் அதைவிட 8 மணி முன்னால். எட்டைக் கூட்ட மறந்தால் மோரிப்பில் ஏற்றம் என்று கோப்பு சொல்கிற நேரத்தில் கண்ணெதிரே சேறு கிடக்கும். பழைய துறைமுகப் பதிவேடுகளைத் தோண்டுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1-ஆம் தேதிதான் கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளி இன்றைய நேரத்துக்கு வந்தது. போருக்குப் பின் அதுவரையிலான பதிவுகளுக்கு ஏழரை மணிதான் வித்தியாசம்.

சுத்தம் செய்த எண்களை வரைபடமாகப் போட்டால் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் தெரியும். ஒவ்வொரு நாளும் ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்து, உயரம் கூடும். கிள்ளான் பக்கம் அப்போது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறக்குறைய 4 மீட்டர் வித்தியாசம். ஊரில் 'பாசாங் பெசார்' என்று சொல்வது இதைத்தான். மாசி மகத்துக்குத் தெப்பம் விடுகிற நாளில் தண்ணீர் நன்றாக ஏறி நிற்பதற்கும் காரணம் இதுவே. மகம் பௌர்ணமியை ஒட்டி வருகிறது.

அதன் பிறகு ஓதத்தைப் பிரித்தெடுக்கலாம். சந்திரனால் வருகிற முக்கியக் கூறு 12.42 மணிக்கு ஒரு சுற்று, சூரியனால் வருவது 12.00 மணிக்கு ஒரு சுற்று. இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க ஏறக்குறைய 15 நாள் பதிவாவது வேண்டும். சூரியக் கூறோடு மிக நெருங்கி வருகிற இன்னொன்றைப் பிரிக்க அரை ஆண்டு வேண்டும். ஒரு வாரப் பதிவை வைத்துக்கொண்டு பத்துக் கூறு கண்டுபிடித்தேன் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். பைத்தானில் 'யூடைட்' என்ற இலவச நிரல் இந்த வேலையைச் செய்கிறது. படிவம் 6 மாணவர் ஒருவர் பொறுமையாக இரண்டு மூன்று வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

கை நனைக்க ஆசையாக இருந்தால் செக்கித் தட்டு செய்யலாம். 1865-இல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்செலோ செக்கி பயன்படுத்திய முறை, இன்றும் கப்பல்களில் இருக்கிறது. 20 சென்டிமீட்டர் அகலத் தட்டு, நான்கு கால்பகுதிகளில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி, நடுவில் கயிறு. பெயிண்ட் டப்பா மூடி போதும். அடியில் ஒரு கிலோவாவது எடை கட்ட வேண்டும். இல்லாவிட்டால் லங்காட் ஆற்று நீரோட்டம் கயிற்றைச் சாய்த்துவிடும், ஆழம் கூடுதலாகத் தெரியும். ஜெட்டியின் நிழல் பக்கத்தில், காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இறக்குங்கள். மறைகிற ஆழத்தையும் இழுக்கும்போது மீண்டும் தெரிகிற ஆழத்தையும் எழுதிச் சராசரி எடுங்கள். இந்தக் கரையில் பெரும்பாலும் அரை மீட்டருக்குள்ளேயே தட்டு மறைந்துவிடும். அது தோல்வி இல்லை, அதுதான் அளவு. சேற்றில் மட்டும் இறங்காதீர்கள். கால் புதைந்து நிற்கிறபோது ஏற்றம் வந்தால் ஆபத்து, ஆற்று முகங்களில் முதலையும் உண்டு.

படிப்புக்கு வருவோம். எஸ்.பி.எம்.-மில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம் நான்கும் இருந்தால் எந்தக் கதவும் மூடாது. அடுத்தது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் வகுப்பு அல்லது படிவம் 6-இன் எஸ்.டி.பி.எம். 2024-இல் அரசாங்கம் 10ஏவும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இனம் பார்க்காமல் மெட்ரிகுலேஷன் இடம் என்று அறிவித்தது. அது கிடைக்காவிட்டால் படிவம் 6-ஐ இளக்காரமாக நினைக்க வேண்டாம். மூன்று தவணை இழுக்கும், ஆனால் கணக்கு ஆழமாக வரும். அறிவியல் பிரிவில் பொதுப் பாடம், கணிதம், வேதியியலோடு இயற்பியல் அல்லது உயிரியல் என்று தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். கடல் நீரோட்டம், அலை, கரை அரிப்புப் பக்கம் மனம் போனால் இயற்பியல். மீன், பவளம், மிதவை உயிரி என்றால் உயிரியல். மனம் தெளியவில்லை என்றால் என் வாக்கு இயற்பியலுக்கே. உயிரியலைப் பின்னால் வாசித்துக் கற்றுக்கொள்ளலாம், இயற்பியலை அப்படிக் கற்றவர்கள் குறைவு. அரசாங்கப் பல்கலைக்கழக இடங்களுக்கான யூ.பி.யூ. தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு, 10 விழுக்காடு புறப்பாடம் என்பதையும் மறக்க வேண்டாம்.

எங்கே படிப்பது? கோல நெருஸில் இருக்கிற மலேசியா திரங்கானு பல்கலைக்கழகம் கடலுக்கென்றே வளர்ந்த இடம். அதன் கடலியல் கழகத்தை 'இனோஸ்' என்பார்கள். கடல் அறிவியலும் கடல் உயிரியலும் அங்கே தனித்தனிப் பட்டங்கள். வியட்நாம் அகதிகள் முகாமாக இருந்த பீடோங் தீவில் அவர்களுக்கு ஆய்வு நிலையம் உண்டு. சபா பல்கலைக்கழகத்துக்குக் கோத்தா கினபாலுவில் போர்னியோ கடல் ஆய்வுக் கழகம். குவாந்தானில் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகமும், பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகமான யூ.கே.எம்.-மும் கடல் அறிவியல் நடத்துகின்றன. பினாங்கு தெலுக் பாஹாங்கில் அறிவியல் பல்கலைக்கழகமான யூ.எஸ்.எம்.-மின் கடல், கரையோர ஆய்வு மையம், போர்ட் டிக்சனில் புத்ரா பல்கலைக்கழகமான யூ.பி.எம்.-மின் நிலையம், பாச்சோக்கில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் நிலையம். நிலையம் இருக்கிற இடத்தைப் பார்த்து விண்ணப்பியுங்கள். படகும் ஆய்வுக்கூடமும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பாடத்திட்டத்தின் பெயரைவிட முக்கியம்.

"திரங்கானு அவ்வளவு தூரமாச்சே, பொம்பளப் பிள்ளைய எப்படிம்மா அனுப்புறது?" என்று வீட்டில் கேட்பார்கள். கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 450 கிலோமீட்டர், டி.பி.எஸ். பேருந்து முனையத்திலிருந்து இரவுப் பேருந்து இருக்கிறது. பணத்துக்குப் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் பொதுவான வழி. முதல் வகுப்பில் தேறியவர்கள், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அந்தக் கடனைக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். இதை முதலாண்டிலேயே தெரிந்துகொண்டு படிப்பவர்களுக்கும் கடைசித் தவணையில் தெரிந்துகொள்பவர்களுக்கும் ஆயிரக்கணக்கான வெள்ளி வித்தியாசம்.

இனி படகில் நடப்பது. கப்பலின் மையக் கருவி சி.டி.டி. நீரின் மின்கடத்துதிறன், வெப்பம், ஆழம் மூன்றையும் இறங்க இறங்கப் பதியும். மின்கடத்துதிறனிலிருந்து உப்பைக் கணக்கிடுவார்கள். அதைச் சுற்றி வட்டமாக நீர் பிடிக்கிற 12 அல்லது 24 நிஸ்கின் குப்பிகள் இருக்கும். நீரில் போட்டவுடனே இறக்கக் கூடாது. மேல் மட்டத்திலேயே இரண்டு மூன்று நிமிடம் ஊற விட வேண்டும், பம்பில் சிக்கிய காற்று வெளியேற. அவசரப்பட்டால் முதல் சில மீட்டரின் உப்பு அளவு குப்பை. வெப்பம் சட்டென்று மாறுகிற அடுக்கில் உப்புக் கோடு ஊசிபோல் எகிறினால் அது கடலின் புதுமை இல்லை. இரண்டு உணரிகளும் ஒரே வேகத்தில் பதில் சொல்லாததால் வருவது. கருவி மேலே வரும்போது, வேண்டிய ஆழத்தில் நிறுத்தி அரை நிமிடமாவது காத்திருந்து குப்பியை மூடுவார்கள். இல்லாவிட்டால் சட்டகம் இழுத்துவந்த கீழ்நீர் உள்ளே போய்விடும்.

குப்பி தளத்துக்கு வந்தவுடன் மேல் காற்றுத் திருகைத் திறக்காமல் அடிக்குழாயை மட்டும் திறந்து பார்க்க வேண்டும். தண்ணீர் ஒழுகினால் குப்பி எங்கோ கசிந்திருக்கிறது, அதன் எண்ணைக் குறித்து ஒதுக்கிவிடலாம். நீர் பிரிப்பதற்கும் வரிசை உண்டு. கரைந்த வாயு முதலில், அதாவது ஆக்சிஜன். பிறகு கரிமம், பிறகு சத்துப்பொருள், உப்பு கடைசி. உப்பு காத்திருக்கும், ஆக்சிஜன் காத்திருக்காது.

ஆக்சிஜனுக்கு விங்கிளர் முறை. நூறாண்டுக்கும் மேல் பழையது, ஆனால் உணரிகளைச் சரிபார்க்க இன்றும் இதைத்தான் நம்புகிறோம். 300 மில்லி கண்ணாடிக் குப்பியின் அடிவரை ரப்பர் குழாயை விட்டு, மெதுவாக நிரப்பி, குப்பியின் கொள்ளளவில் இரண்டு மூன்று மடங்கு வழிந்தோட விட வேண்டும். ஒரு குமிழி தங்கினாலும் அதிலிருக்கிற ஆக்சிஜன் கணக்கைக் கூட்டிவிடும். மாங்கனீஸ் சல்பேட் 1 மில்லி, கார அயோடைடு 1 மில்லி, பிப்பெட் நுனி நீருக்குள் இருக்கும்படி. மூடியைப் போட்டுக் குப்பியைப் பல முறை கவிழ்த்து எடுங்கள். பழுப்பாகப் படிந்தால் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகவே படிந்தால் இல்லை. அந்தக் காட்சியை அடைபட்ட வாய்க்கால் நீரில் பார்க்கலாம். படிவு இறங்கியதும் அடர் கந்தக அமிலம் 1 மில்லி, அதற்குக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அதிலிருந்து 201 மில்லி எடுத்து 0.025 நார்மல் தயோசல்பேட்டால் தரம்பார்க்க வேண்டும். 200 ஆக இல்லாமல் 201 ஏன் என்றால், முதலில் விட்ட 2 மில்லி திரவம் அவ்வளவு நீரை வெளியே தள்ளிவிட்டது. இப்படி எடுத்தால் செலவாகிற ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்சிஜன் என்று நேராகப் படிக்கலாம்.

பிழை வருவது மாவுக் கரைசலில். வைக்கோல் நிறத்துக்கு வெளுத்த பிறகுதான் அதை விட வேண்டும். முன்னதாக விட்டால் அயோடினை இறுகப் பிடித்துக்கொண்டு விடாது, முடிவுப் புள்ளி தள்ளிப் போகும். 30 பாகை வெப்பத்தில் கடல் நீர் காற்றிலிருந்து வாங்கி வைக்கக்கூடியது லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குச் சற்று மேல். கலங்கல் ஆற்று முகத்தில் உங்களுக்கு 9 வந்தால் பாசிப் பெருக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தயோசல்பேட் பழசு.

பச்சையம் அளக்கும்போது மலாக்கா நீரிணையின் சேறு வேறு விதமாகச் சோதிக்கும். 0.7 மைக்ரோன் கண்ணாடி இழை வடிதாளில் தெளிந்த கடலில் ஒரு லிட்டர்கூட இறங்கும். நம் கரையில் 200 மில்லிக்குள் அடைத்துக்கொள்ளும். இறங்கிய அளவை உள்ளபடி எழுதுங்கள். 'ஒரு லிட்டர்' என்று பழக்கத்தில் எழுதிய ஒரு வரி மொத்தப் படத்தையும் கெடுத்துவிடும். எழுதுவது பென்சிலில், பேனா மை நீரிலும் அசிட்டோனிலும் ஓடிப்போகும். இடக்குறிப்பில் இன்னும் பெரிய விபத்து நடக்கும். மோரிப் அட்சரேகை ஏறக்குறைய 2 பாகை 45 நிமிடம், தசமத்தில் 2.75. அவசரத்தில் 2.45 என்று தட்டிவிட்டால் உங்கள் மாதிரி 33 கிலோமீட்டர் தெற்கே போய்விடும்.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. நீந்தத் தெரிய வேண்டும். முக்குளிப்பு எல்லாருக்கும் தேவையில்லை. பவளப் பக்கம் போகிறவர்கள் மட்டும் எடுக்கலாம், முதல் நிலைச் சான்றிதழ் 18 மீட்டர் வரை. கடல் மயக்கம் ஏறக்குறைய எல்லாருக்கும் வரும். சின்னரிசின் மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும், தலை சுற்ற ஆரம்பித்த பின் போட்டால் வாந்தியோடு போய்விடும். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று, சிறு படகு போகாது. இறுதியாண்டு ஆய்வை அக்டோபரில் தொடங்கலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் பட்டம் தள்ளிப்போய் நிற்பார்கள்.

வேலை? இதில் இனிப்பு தடவ விருப்பமில்லை. பட்டம் முடித்தவுடன் கிடைப்பது பெரும்பாலும் ஆராய்ச்சி உதவியாளர் வேலை, மானியம் இருக்கிற வரை ஒப்பந்தம், மானியம் முடிந்தால் வீடு. நிரந்தரம் வேண்டுமென்றால் மீன்வளத் துறை, பத்து மவுங் மீன்வள ஆய்வுக் கழகம், நாரிம் எனப்படும் தேசிய நீர் ஆய்வுக் கழகம் ஆகியவற்றின் விளம்பரங்களைக் கவனிக்க வேண்டும்; போட்டி கடுமை. தனியாரில் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு நிறுவனங்கள் நீர், வண்டல் மாதிரி எடுக்க ஆள் தேடுகின்றன. கேரித் தீவில் துறைமுகம் என்ற பேச்சு பல ஆண்டுகளாக ஓடுகிறது. அது நகர்ந்தால் முதலில் இறங்குவது அளவீட்டுப் படகுகள்தான். கடலடி அளவை, அதாவது ஹைட்ரோகிராஃபி, தெரிந்தவர்களுக்குச் சம்பளம் மற்றவர்களைவிட நன்றாகவே இருக்கும். எண்ணெய்த் தளங்களுக்குப் போவதானால் போசியட் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். கடற்படையின் தேசிய ஹைட்ரோகிராஃபி மையம் கேரித் தீவிலிருந்து நீருக்கு அந்தப் பக்கம், இண்டா தீவில்தான் இருக்கிறது. கப்பலுக்கான கடல் வரைபடங்கள் வருவது அங்கிருந்து.

உலகக் கடலடியில் நவீன முறையில் அளந்து முடித்தது கால்வாசிக்குச் சற்று மேல்தான். அதற்கு ஆள் பழக்க ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளையும் உலகக் கடலடி வரைபடத் திட்டமான ஜெப்கோவும் சேர்ந்து 2004 முதல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் ஓராண்டுப் பயிற்சி நடத்துகின்றன. அதே அறக்கட்டளை உலகக் கடலாய்வு நிலையங்களின் கூட்டமைப்பான போகோவோடு சேர்ந்து, வளரும் நாட்டு இளையோர் பத்துப் பேரை ஆண்டுதோறும் ஜெர்மனியில் கடலியல் படிக்க அழைத்திருக்கிறது. செலவு அவர்களுடையது. நம் பிள்ளைகள் இதற்கெல்லாம் விண்ணப்பிப்பதில்லை, தெரியாததால்தான்.

பயிற்சிக்கு இடம் கேட்டு ஆய்வாளருக்கு மின்னஞ்சல் எழுதும்போது "எனக்குச் சிறு வயதிலிருந்தே கடல் பிடிக்கும்" என்று தொடங்காதீர்கள். அவர் பெட்டியில் அப்படி நூறு இருக்கும். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து அதில் ஒரு படத்தைப் பற்றிக் கேளுங்கள். கீழே கிள்ளான் ஓதத்தை நீங்களே வரைந்த வரைபடத்தை இணையுங்கள், எந்தத் தேதிகளில் பதிவு இல்லை, அவற்றை என்ன செய்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். பருவத் தேர்வு முடிகிற தேதியையும், எத்தனை வாரம் வரமுடியும் என்பதையும் போடுங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் அடுத்த ஆய்வுக்கூடத்துக்கு எழுதுங்கள். சிலாங்கூர் கரையில் கெராங் சிப்பி விளைச்சல் ஏன் சரிந்தது என்று கேட்கிற குழுக்களுக்குச் சேற்றைக் கண்டு முகம் சுளிக்காத, மலாய் மீனவர்களிடம் இயல்பாகப் பேசத் தெரிந்த உதவியாளர்கள் எப்போதும் தேவை. அந்த இரண்டும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே உண்டு, அதையும் மின்னஞ்சலில் எழுதலாம்.